அந்நியச் செடிகளும் நம் காடுகளும்

காடு பச்சையாயிருந்தால் அது க்ஷேமமாயிருக்கிறது என்று எண்ணுவது நம்மவரிடையே வேரூன்றிப் போன ஓர் அபிப்பிராயம். மரமடர்ந்த மலையைக் கண்டால் மகிழ்கின்றனர். மரமில்லாத புல்மேட்டைக் கண்டால், யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்களென்று வருந்துகின்றனர். இந்த அபிப்பிராயத்தில் பாதிதான் உண்மை. நீலகிரியின் வடபுறத்தில் முதுமலைக் காட்டினூடே செல்லும் பாதையின் இரு மருங்கிலும் மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பச்சைப் புதர்கள் மண்டிக் கிடக்கின்றன. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து அவை கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. ஆனால் அந்தப் பசுமையில் புள்ளிமானோ காட்டெருமையோ மேயத்தக்கது மிகவும் சொற்பம். கால்நடை அதன் இலையை மிகுதியாகத் தின்றால் ஈரல் கெட்டு நோயில் விழும். புல் முளைக்க வேண்டிய தரையில் அப்புதரின் நிழல் விழுந்து, கீழே மண் வெறுமையாய்க் கிடக்கிறது. உன்னிச்செடி என்று நம் ஜனங்களும், லாண்டானா என்று சாஸ்திரிகளும் அழைக்கும் இந்தச் செடி நம் நாட்டில் பிறந்ததன்று. அது அமெரிக்காக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்டது.

இதன் பரவலைப் பற்றி ஒரு கணக்கை நேயர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியக் காடுகளில் ஏறக்குறைய 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் உன்னிச்செடி குடியேறியிருக்கிறது. காடுகளில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் இதன் வசமாயிருப்பதாக அவர்கள் சொல்கின்றனர். தமிழ்நாட்டின் முழு விஸ்தீரணமே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, நம் மாகாணம் முழுவதையும் மூடி, அதற்கு மேலும் மிஞ்சக்கூடிய அளவு காட்டை ஒரே ஒரு பூச்செடி ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. இதைவிடப் பெரிய ஆக்கிரமிப்பு நம் காடுகளில் வேறொன்றுண்டா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் செடி எவ்வாறு வந்தது? படையெடுத்து வரவில்லை, அழைத்து வரப்பட்டது. 1807-ம் வருஷத்தையொட்டிக் கல்கத்தாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரத் தோட்டத்தில் அலங்காரச் செடியாக அது நடப்பட்டது. பூ அழகாயிருந்தது, ஆடுமாடு கடிக்காததால் வேலிக்கும் உகந்ததாயிருந்தது. ஆகவே துரைமார்களின் பங்களாத் தோட்டங்களுக்கும் பாளையங்களுக்கும் அது பரவிற்று. அதன் சிறு பழங்களைக் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விரும்பித் தின்று, விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டன. தோட்டக்காரன் ஒரு வேலியை நட்டான். பறவை ஆயிரம் வேலிகளை நட்டது.

மலையுச்சியில் நடந்த கதை வேறு. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உயர்ந்த சிகரப் பிரதேசங்களில் இயற்கை இரண்டு வகைத் தாவரங்களை அருகருகே வைத்திருக்கிறது. பள்ளத்தாக்குகளின் மடிப்பில் குட்டையான மரங்களடர்ந்த சோலை. மேட்டின் முதுகில் பரந்த புல்வெளி. இந்தப் புல்வெளியை ஆங்கில அதிகாரிகள் வீண் நிலமென்று எண்ணினர். உதகமண்டலம் வளர வளர அங்கே குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலை மரங்கள் வெட்டுண்டு குறைந்தன. அதற்குப் பதிலாக ஆஸ்திரேலியாவிலிருந்து, மலைவாசிகள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரம் 1832-ம் வருஷத்தையொட்டியும், கற்பூர மரமென்று சொல்லும் யூகலிப்டஸ் 1843-ம் வருஷத்திலும் நீலகிரிக்கு வந்து சேர்ந்தன. பத்து வருஷத்தில் விறகாகும் மரம் அதிகாரிகளுக்குப் பெரிய வரப்பிரசாதமாகத் தோன்றியது. புல்வெளி என்பது வருமானமற்ற வெற்றிடமென்று எண்ணியவனுக்கு, அதில் எந்த மரத்தை நட்டாலும் லாபம்தானே!

ஆனால் அந்நிய சர்க்காரின் மீது மட்டும் முழுக் குற்றத்தையும் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்துவிடுவது நியாயமாகாது. நாடு சுதந்திரமடைந்த பின்னரும், காடு வளர்ப்பு என்ற பெயரால் அதே புல்வெளிகளில் அதே மரங்கள், முன்னிலும் விஸ்தாரமாக, 1980-கள் வரையில் நடப்பட்டன. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டையும், செயற்கைப் பட்டுத் தொழிலுக்கு மரக்கூழும் வேண்டியிருந்தன. சர்க்கார் மாறியதேயன்றி, புல்வெளி வெற்று நிலமென்ற எண்ணம் மாறவில்லை. கொடி மாறுவதால் மட்டும் கொள்கை மாறிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது கூச்சலன்று, நிதானமான அளவெடுப்பு. நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில், மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் அடுத்தடுத்துள்ள இரண்டு நீர்ப்பிடிப்புப் பள்ளங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டனர். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டனர். மற்றொன்றில் 1972-ல் கற்பூர மரம் வைத்தனர். இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை வருஷக்கணக்காக அளந்து வந்தனர். மரம் வைத்த பள்ளத்தில் முதற் பத்தாண்டில் நீர் வரத்து 16 சதவிகிதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 25 சதவிகிதம் குறைந்தது. மலையில் மரம் வைத்தால் நீர் பெருகுமென்று யாவரும் நம்பியிருந்த காலத்தில், அந்த இடத்தில் அந்த மரத்தைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை தவறென்று இந்தக் கணக்கு காட்டிவிட்டது. பைக்காராவும் மோயாறும் நீலகிரியின் உச்சியில் உற்பத்தியாகி மின்சார நிலையங்களை இயக்குகின்றன; பவானி நதியின் தண்ணீரும் அந்த மலையிலிருந்து வருவதே. ஆகையால் மலையுச்சியில் எந்தச் செடி இருக்கிறது என்ற கேள்வி, சமவெளியில் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் விவசாயியின் வயலைத் தொடும் கேள்வியாகும்.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள், வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நஷ்டத்தின் பரிமாணத்தை அளந்திருக்கின்றன. 1973 முதல் 2017 வரையுள்ள 44 வருஷங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் 23 சதவிகிதம், அதாவது சுமார் 340 சதுர கிலோமீட்டர், அந்நிய மரங்களால் விழுங்கப்பட்டுவிட்டது. பழனிமலையில் மட்டும் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. இதில் பெரும்பகுதி நட்டதால் வந்த நஷ்டம். மிகுதி, நட்ட மரம் தானே விதை சிந்திப் படர்ந்ததால் வந்த நஷ்டம். புல்வெளி போனால் தமிழ்நாட்டின் ராஜ்ய விலங்காகிய வரையாட்டுக்கு மேய்ச்சல் போகிறது. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்குக் கூடு கட்ட இடம் போகிறது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும், அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் போகின்றன. வீண் நிலமென்று ஏட்டில் எழுதப்பட்டிருந்த பூமி இவர்களுக்கெல்லாம் வீடாயிருந்தது.

இங்கே ஒரு ஆக்ஷேபம் எழலாம். அந்நிய நாட்டிலிருந்து வந்தது யாவும் தீமையென்று சொல்லலாமா? அப்படிச் சொல்வது அறியாமை. நம் வீட்டுச் சமையலில் மிளகாய் எங்கிருந்து வந்தது? தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி எங்கிருந்து வந்தன? இவையாவும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவையே. வயலில் வைத்தால் வயலில் நிற்கின்றன. காட்டுக்குள் புகுந்து அரசாள முற்படுவதில்லை. 2023-ம் வருஷத்தில் சர்வதேச நிபுணர் சபையொன்று வெளியிட்ட அறிக்கை, மனிதர் தம் செயல்களால் புதிய இடங்களுக்குக் கொண்டு சேர்த்த உயிரினங்கள் 37,000-க்கு மேல் என்றும், அவற்றில் தீங்கு விளைவிப்பவையென்று நிச்சயமானவை 3,500-க்கு மேல் என்றும் சொல்கிறது. அதாவது, பத்து விருந்தாளிகளில் ஏறக்குறைய ஒருவர்தான் வீட்டைப் பறிப்பவர். ஆனால் அந்த ஒருவர் செய்யும் நஷ்டமோ அளவிறந்தது. 2019-ம் வருஷத்தில் உலக முழுவதிலும் அது 42,300 கோடி டாலருக்கு மேல் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. ஆகவே பிறப்பிடம் குற்றமன்று, நடத்தையே குற்றம். எந்தச் செடி எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்தபின்தான் தீர்ப்புக் கூற வேண்டும். அறிவதற்கோ ஆராய்ச்சியைத் தவிர வேறு வழியில்லை.

சில செடிகள் மட்டும் ஏன் இவ்வாறு ஓங்குகின்றன? இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் என்ற உயிர்நூல் நிபுணர் 1958-ல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் பிறகு இது ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. சொந்த நாட்டில் ஒரு செடியை அடக்கிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அது கடல் கடக்கும்போது பின்தங்கிவிடுகின்றன. சத்துருவற்ற பூமியில் அது தங்குதடையின்றி வளர்கிறது. இது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காயம்பட்ட உடம்பில்தான் புண் வைக்கிறது. மரம் வெட்டி வெளிச்சம் விழுந்த இடத்திலும், பாதை போட்ட ஓரத்திலும், மாடுகள் மிதித்து இறுகிப்போன தரையிலும் உன்னிச்செடி முதலில் காலூன்றுகிறது. நல்ல நிழலடர்ந்த காட்டில் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஆகவே உன்னிச்செடி நோய் மாத்திரமன்று; வேறொரு நோயின் அடையாளமுமாகும். புதரை மட்டும் அகற்றிவிட்டுக் காயத்தை அப்படியே விட்டால், மறுபடி அதுவோ, அதனினும் பொல்லாத வேறொன்றோ அங்கே வந்து குடியேறும்.

சத்தியமங்கலக் காட்டையடுத்து மைசூர்ப் பக்கத்திலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் நடந்த ஆராய்ச்சி இவ்விஷயத்தில் பெரிய பாடம் கற்பிக்கிறது. பெங்களூரிலுள்ள ஆராய்ச்சியாளர் 1997-ல் அந்த மலையில் பல இடங்களைக் குறித்துக்கொண்டு செடிகளை எண்ணினர். அவற்றில் 41 சதவிகித இடங்களில் உன்னிச்செடி இருந்தது. 2008-ல் அதே இடங்களுக்குத் திரும்பிப்போய் எண்ணினபோது 81 சதவிகித இடங்களில் இருந்தது. பதினோரு வருஷத்தில் இரு மடங்கு! இதன் காரணத்தை அம்மலையின் பூர்வ குடிகளான சோலிகரிடம் விசாரித்தபொழுது, அவர்கள் சொன்னது கவனிக்கத் தக்கது. முன்னாளில் அவர்கள் கோடையின் ஆரம்பத்திலே உலர்ந்த சருகுக்குச் சிறு தீ வைப்பது வழக்கம். அந்தத் தீ பெரிய மரங்களைத் தொடாமல் தரையோடு ஓடி, உன்னிக் கன்றுகளைச் சிறிதாயிருக்கையிலேயே கருக்கிவிடும். காடு சரணாலயமாக்கப்பட்ட பின் தீ வைப்பது குற்றமாயிற்று. செடி ஓங்கிற்று. இப்போது புதர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டபடியால், தீப்பிடித்தால் அதன் மீதேறி மரத்தின் உச்சி வரை எரிகிறது. மருந்தாயிருந்த தீ காலம் தவறியதால் விஷமாகிவிட்டது.

சோலிகர் சொல்வது முழுவதும் சரியென்று யாரும் பரீக்ஷையின்றி ஏற்க வேண்டியதில்லை. எல்லாக் காட்டிற்கும் அது பொருந்துமென்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காட்டைக் கண்ணால் பார்த்து வந்தவர்களின் சாக்ஷியத்தை, காட்டிலாகாவின் ஏட்டில் இல்லையென்பதற்காக ஒதுக்கித் தள்ளியது எவ்வளவு பெரிய நஷ்டம்! ஆராய்ச்சியென்றால் பட்டணத்திலிருந்து கருவியுடன் வருகிறவர் மட்டும் செய்வதென்று எண்ணுதல் கூடாது. எண்ணுகிறவனும் வேண்டும், நினைவிலிருந்து சொல்லுகிறவனும் வேண்டும். இருவரும் கூடிய இடத்தில்தான் இந்த உண்மை வெளிப்பட்டது.

அவசரத்தால் விளையக்கூடிய தீங்குகளையும் சற்றுப் பார்ப்போம். உன்னிச்செடியைக் கத்தியால் வெட்டினால் அது சாகாது. அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய சகாக்களும் இமயமலையடிவாரத்திலுள்ள கார்பெட் புலிக் காட்டில் செய்து, 2009-ல் வெளியிட்ட முறை வேறு. செடி தழைக்கும் கணு எதுவென்று முதலில் ஆராய்ந்தனர். அந்தக் கணுவுக்குக் கீழே மண்ணைக் கிளறி ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட்டனர். பறவைகள் வந்து அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கினர். காலியான இடத்தில் நாட்டுப் புல்லை வளர்த்தனர். ஒரு செடியின் அங்க அமைப்பை அறிந்ததனால், பெரிய யந்திரமும் விஷ மருந்துமின்றிச் சாமானிய மண்வெட்டியே போதுமானதாயிற்று.

சீகை மரத்தின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷங்கள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். மரத்தை ஒரேயடியாக வெட்டி வெயில் படும்படி செய்தால், அல்லது தீ பரவினால், உறங்கிய விதைகளெல்லாம் விழித்துக்கொண்டு ஒரு மரமிருந்த இடத்தில் நூறு கன்றுகள் எழும். மேலும் பழனிமலையில் பல ஆண்டுகள் காட்டைப் பேணி வந்தவர்கள் கண்ட வேறொரு விந்தையுண்டு. சில இடங்களில், வயது முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலை மரங்களின் கன்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. அங்கே அந்நிய மரம் செவிலித் தாயாக நிற்கிறது. அந்த இடத்தில் கோடரியை வீசினால் சீகையோடு சோலைக் கன்றும் மாண்டுபோகும். புல்வெளியில் புதிதாகப் படரும் சீகையை உடனே பிடுங்க வேண்டும்; சோலையோரத்துப் பழந்தோப்பை மெல்ல மெல்லக் கழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே உத்தரவில் அடக்குவது, எல்லா ஜுரத்துக்கும் ஒரே கஷாயம் கொடுப்பது போலாகும்.

செடியை அழிக்கப் பூச்சியைக் கொண்டுவரும் யோசனையும் பழையதே. சென்னை மாகாணத்தின் பூச்சி சாஸ்திரியாக விளங்கிய ஸ்ரீ ஒய். ராமச்சந்திர ராவ், உன்னிச்செடியைத் தின்னும் நாட்டுப் பூச்சிகளை ஊர் ஊராகச் சென்று தேடி, 1920-ல் அறிக்கை வெளியிட்டார். நம் நாட்டுப் பூச்சிகள் அச்செடியை அடக்கப் போதாவென்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சி டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டது. அதைக் கூண்டில் வைத்துச் சோதித்தபொழுது, அது தேக்குப் பூவையும் தின்னக்கூடுமென்று தெரியவரவே, வளர்த்த பூச்சிகளை அழித்துவிட்டார்கள். சோதனையின் பெருமை அதிலிருக்கிறது. ஆயினும் அப்பூச்சி பிற்காலத்தில் வெளியே பரவியிருக்கக் காணப்பட்டது. ஜாக்கிரதையாயிருந்தவர்களின் கையிலிருந்தே இது நடந்ததென்றால், ஜாக்கிரதையற்றவர்கள் கையில் என்ன நடக்குமென்று சொல்ல வேண்டுவதில்லை. உன்னிச்செடியோ அந்தப் பூச்சியால் அடங்கவுமில்லை.

இவ்வளவும் பழங்கதையன்று; இன்றைய அவசர விஷயம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இப்போது மஞ்சக்கொன்றையென்ற வேறொரு அமெரிக்க மரம் படர்ந்து வருகிறது. வயநாட்டில் 1980-களில் நிழலுக்காகவும் அழகுக்காகவும் நடப்பட்ட இம்மரம் காடு கடந்து வந்தது. நம் நாட்டுச் சரக்கொன்றைக்கும் இதற்கும் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டும் மஞ்சளாகவே பூக்கும். ஆனால் சரக்கொன்றை சரமாகத் தொங்கும். இதுவோ கொத்தாக நிமிர்ந்து நிற்கும். இன்னாரென்று அடையாளம் தெரியாமல் கோடரியைத் தூக்கினால், சொந்தச் சகோதரனையும் சேர்த்து வெட்டிவிட நேரிடும். சென்னை ஹைக்கோர்ட்டு அந்நிய மரங்களை அகற்றும்படி பலமுறை வற்புறுத்தியிருக்கிறது. தமிழ்நாடு சர்க்காரும் 2022-ம் வருஷத்தில் இதற்கென ஒரு கொள்கையையே வகுத்து வெளியிட்டனர். வெட்டிய மஞ்சக்கொன்றை மரத்தைக் காகித உற்பத்திக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று.

கொள்கை வகுத்ததை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் இங்கேதான் எச்சரிக்கை தேவை. வெட்டும் வேலை எத்தனை ஹெக்டேரில் முடிந்ததென்று கணக்குக் காட்டுவது எளிது. வெட்டிய இடத்தில் ஐந்து வருஷம் கழித்து என்ன முளைத்திருக்கிறது என்று கணக்குக் காட்டுவதே கடினம். முதற் கணக்கு சர்க்காரின் வேகத்தைக் காட்டும். இரண்டாம் கணக்குத்தான் காட்டின் நிலையைக் காட்டும். மரம் விலைக்குப் போகிறதென்றால் வேறோர் ஆபத்துமுண்டு. விலை பெறும் பெரிய மரம் வெட்டுப்படும். விலை பெறாத சிறு கன்று காட்டிலேயே நின்றுவிடும். அந்தக் கன்றே நாளைய பகைவன். வருமானத்துக்காக வந்த மரத்தை வருமானத்துக்காகவே வெட்டிக்கொண்டிருந்தால், காட்டுக்கு விமோசனம் எப்போது?

சமவெளியில் சீமைக் கருவேலத்தின் விஷயத்தில் இந்தக் கேள்வி நியாயஸ்தலம் வரையில் சென்றது. 2017-ல் மதுரையிலுள்ள ஹைக்கோர்ட்டுக் கிளை அதை அடியோடு அகற்றும்படி உத்தரவிட்டது. அதே வருஷத்தில் சென்னையில், அதன் தீமையைக் குறித்த சாஸ்திரீய ஆராய்ச்சி என்ன இருக்கிறதென்ற கேள்வி எழுந்து, அகற்றும் வேலைக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. ராமநாதபுரம் பக்கத்தில் அந்த மரத்தைக் கரியாக்கிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ. மரம் தீங்கானதா அல்லவா என்பது இங்கே நமது வாதமன்று. நூறு வருஷத்துக்கு மேல் நம்மிடையே நின்ற ஒரு மரத்தைப் பற்றி, நியாயாதிபதிகள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கத் தயாராக ஒரு பூரணமான ஆராய்ச்சி இருந்திருக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

அப்படிப்பட்ட ஆராய்ச்சி நம்மால் ஆகாததன்று. முதுமலையிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை எல்லை கட்டி, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, பிறப்பும் இறப்பும் வளர்ச்சியும் குறித்து வருகின்றனர். யானை முறித்ததும், தீ கருக்கியதும், வறட்சி கொன்றதும் அவர்கள் ஏட்டில் ஏறுகின்றன. ஒரு கிராமத்துக் கர்ணம் ஜனன மரணக் கணக்கு எழுதினாற்போலக் காட்டுக்கும் கணக்கு எழுதலாமென்பதை இது நிரூபித்துவிட்டது. இன்னும் வேண்டியது, அத்தகைய கணக்கு ஒவ்வொரு வனக் கோட்டத்திலும் இருப்பதே.

ஆகவே சர்க்காருக்கும் பொதுஜனங்களுக்கும் நாம் வற்புறுத்துவது இவை. முதலாவதாக, அந்நியச் செடியை அகற்றும் ஒவ்வொரு காட்டிலும், வெட்டுவதற்கு முன் ஒரு பகுதியை எல்லை கட்டிச் செடிகளை எண்ண வேண்டும். வெட்டாமல் ஒரு பகுதியை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைக்க வேண்டும். வருஷந்தோறும் எண்ணி, முடிவைத் தமிழில் யாவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். இரண்டாவதாக, வெட்டும் செலவுக்குப் பணம் ஒதுக்கும்போதே, பின்தொடர்ந்து கன்று பிடுங்கவும், நாட்டுப் புல்லும் மரமும் வளர்க்கவும் பல வருஷங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பணமில்லையென்றால் வெட்டுவதையே சிறு பரப்பில் நிறுத்திக்கொள்வது மேல். மூன்றாவதாக, இருளர், குறும்பர், பணியர், தோடர், சோலிகர் முதலிய காட்டு மக்களைக் கூலியாட்களாக மட்டும் அழையாமல், எங்கே எதை எப்படி அகற்றுவதென்று தீர்மானிக்கும் சபையிலும் அமர்த்த வேண்டும். நீலகிரியில் அவர்களுடைய கைகள் உன்னித் தண்டைக் கொண்டு ஆளுயர யானைப் பொம்மைகளைச் செய்து, 2021-ல் லண்டன் நகரப் பூங்காக்களில் உலகம் வியக்க நிறுத்தின. அந்தக் கைகளுக்குரிய அறிவையும் நாம் மதிக்க வேண்டாமா? நான்காவதாக, சாலையோரத்திலும் பூங்காவிலும் புதிய அந்நியச் செடியை நடுமுன், அது காட்டில் புகுந்தால் எப்படி நடந்துகொள்ளுமென்று பரீக்ஷித்தல் கட்டாயமாக வேண்டும். வந்தபின் துரத்துவதைவிட வருமுன் தடுப்பது ஆயிரம் மடங்கு சுலபம்.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நியச் செடி ஒழிப்பென்று விழா நடத்தி, ஒரு நாள் வெட்டிப் படமெடுத்துக்கொண்டு திரும்புவதில் பயனில்லை. அந்த ஒரு நாள் வேலையால் செடி இரு மடங்காகத் தழைக்கவும் கூடும். அதைவிட, தங்கள் ஊரையடுத்த கரட்டிலோ காட்டிலோ ஒரு சிறு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயுள்ள செடிகளின் பெயரை முதியவர்களிடம் கேட்டறிந்து, வருஷம் இருமுறை சென்று எண்ணி எழுதி வருவார்களாயின், அது நாட்டுக்குச் செய்யும் பெருந்தொண்டாகும். கலாசாலை மாணவர்களும் உபாத்தியாயர்களும் மனம் வைத்தால், பத்து வருஷத்தில் நம் மலைகளெல்லாவற்றுக்கும் இப்படியொரு கணக்கு கிடைத்துவிடும்.

இந்தச் செடிகளை நம் மலைகளுக்குக் கொண்டுவந்தவர்கள், இங்கே என்ன இருக்கிறதென்று அறியாமல் கொண்டுவந்தார்கள். அகற்றப் புறப்பட்டிருப்பவர்களும் அவ்வாறே அறியாமல் அகற்றுவார்களாயின், இரண்டு காரியங்களுக்குமிடையே பேதமென்ன? அறியாமையால் நட்டதை அறிவினால்தான் பிடுங்க வேண்டும். ஒரு புல்லின் பெயரையும் அது முளைக்கும் இடத்தையும் தெரிந்துகொண்டவன்தான் அந்த நிலத்தின் உண்மையான உடைமைக்காரன். நம் காடு நம்முடையதென்று வாயால் சொல்லிக்கொள்வது மட்டும் போதாது. எண்ணியும் அளந்தும் கேட்டும் அதை நம்முடையதாக்கிக்கொள்ள வேண்டும்.